பழைய காரும் புதுப் பெயிண்ட்டும்

சென்ற இதழில் மழைக்காலச் சளிக்குக் கஷாயம் எழுதியிருந்தேன். இந்த முறை கஷாயமும் இல்லை, கூட்டுக் குழம்பும் இல்லை. எங்கள் வீட்டுக் கார் ஷெட்டைப் பற்றி எழுதப் போகிறேன். "காரைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. கொஞ்ச காலம் முன்பு வரை எனக்கும் ஒன்றும் தெரியாதுதான். பிரேக் என்றால் மிதிப்பது, ஹாரன் என்றால் அடிப்பது... அவ்வளவுதான்!

எழுத வைத்தவள் எதிர் வீட்டுப் பெண். இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். போன வாரம் கறிவேப்பிலை வாங்க வந்தவள், "ஆன்ட்டி, எங்க வீட்டுக்காரருக்கும் உங்க வீட்டு வண்டி மாதிரி ஒரு பழைய கார் வாங்கி ரெடி பண்ணணும்னு ஆசை. ஒரே பிடிவாதமா இருக்கார். சரின்னு சொல்லட்டுமா, வேணாங்கட்டுமா?" என்று கேட்டாள். வாசற்படியில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமா அது? உங்களில் யாராவது ஒருத்தி வீட்டிலும் இதே பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். அதனால் எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆசை வந்த கதை

என் கணவர் வங்கியில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து 2022-ல் ரிடையர் ஆனார். முதல் மாதம் பேப்பரை ஒரு வரி விடாமல் படித்தார். இரண்டாவது மாதம் என் சமையலறை டப்பாக்களையெல்லாம் அகர வரிசையில் அடுக்கி வைத்தார். (கடுகு எங்கே என்று நான் தேடிய கதையைக் கேட்காதீர்கள்!) மூன்றாவது மாதம் பேச்சே குறைந்துபோயிற்று. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே, "ஏம்மா, ஒரு பழைய ஃபியட் வாங்கலாமா?" என்றார்.

என் மாமனார் மதுரையில் ஒரு முதலாளி வீட்டில் டிரைவராக இருந்தவர். அவர் ஓட்டியது ஃபியட் வண்டி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைத் துடைத்து வைப்பது என் கணவரின் வேலை. வெள்ளிக்கிழமை என்றால் வண்டிக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டாம். ஆனால் ஒருநாள்கூட இவர் அதில் உட்கார்ந்து போனதில்லை. என் மாமியாரும்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை அவர் என்னிடம் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

மனசு இளகிவிட்டது. இருந்தாலும் குடும்பம் நடத்துகிறவள் ஆயிற்றே! மூன்று நிபந்தனை போட்டேன். ஒன்று, வைத்தியச் செலவுக்கென்று போட்டு வைத்த பணத்தைத் தொடக்கூடாது. இரண்டு, மொத்தச் செலவு ஒன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. மூன்று, கணக்கு நோட்டு என் கையில்தான். அந்த மூன்றாவது நிபந்தனைதான் பின்னால் வினையாக வந்தது. சொல்கிறேன்.

எந்த வண்டி?

நாம் 'ஃபியட்' என்று சொல்லிப் பழகிய வண்டி, இத்தாலியின் ஃபியட் 1100 டி. 1964 முதல் மும்பையில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி இங்கேயே தயாரித்தது. 1970-களில் ராணி பத்மினியின் பெயரை வைத்து 'பிரீமியர் பத்மினி' ஆக்கினார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் தயாரிப்பு நின்றுவிட்டது. மும்பைத் தெருக்களில் டாக்ஸியாக ஓடிக்கொண்டிருந்த கடைசி பத்மினியும் 2023 அக்டோபரோடு விடை பெற்றது.

1089 சி.சி. எஞ்சின், நாலு சிலிண்டர். கியர் கம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். முன் சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளம். கம்ப்யூட்டர் சமாசாரம் எதுவும் கிடையாது. போனட்டைத் திறந்தால் ஒவ்வொரு சாமானும் கண்ணுக்குத் தெரியும். ஸ்பேனரும் பொறுமையும் உள்ளவர் வீட்டிலேயே பாதி வேலை கற்றுக்கொள்ளலாம். சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் அலைந்தால் சாமான்களும் அநேகமாகக் கிடைத்துவிடுகின்றன. பழைய வண்டி வாங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான்: இதற்கு சாமான் கிடைக்குமா? பழுது பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா? இரண்டில் ஒன்று இல்லை என்றாலும், அது எவ்வளவு அழகான வண்டியாக இருந்தாலும் ஷெட்டில் நிற்கிற பொம்மைதான்.

காந்தம் சொன்ன பாடம்

முதலில் பார்த்த வண்டி ஒரு புரோக்கரிடம் இருந்தது. சிவப்பு நிறம், மாப்பிள்ளை மாதிரிப் பளபளவென்று நின்றது. நான் அப்போதே 'சரி' சொல்லியிருப்பேன். நாங்கள் கூட்டிப் போன மெக்கானிக் பாய் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். பெயிண்ட்டில் கீறல் விழாமல் துணியைச் சுற்றி, கதவுக்கு அடியில் வைத்தார். ஒட்டவே இல்லை! துரு தின்ற இடத்தில் பட்டியை அப்பி மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"அம்மா, எஞ்சின் கெட்டா செஞ்சுக்கலாம். தகரம் போனா வண்டியே போச்சு. பெயிண்ட்டப் பாத்து ஏமாறாதீங்க" என்றார் பாய்.

நல்ல பாடம்தான். ஆனால் எத்தனை சீக்கிரம் மறந்தேன் தெரியுமா?

2023 ஜனவரியில் எங்களுக்கு ஒரு 1984 மாடல் கிடைத்தது. ஒரே குடும்பம் வைத்திருந்த வண்டி. ஓட்ட ஆளில்லாமல் போர்ட்டிகோவில் நாலு வருஷம் சும்மா நின்றது. 90,000 ரூபாய்க்கு முடிந்தது. வாங்கும் முன் நாங்கள் பார்த்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்:

1. தரை விரிப்பை எடுத்துவிட்டுப் பாருங்கள். டிக்கியின் அடித்தரை, கதவுகளின் கீழ் ஓரம், சக்கர வளைவு ஆகிய இடங்களில்தான் துரு ஒளிந்திருக்கும்.

2. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய், உங்கள் எதிரில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்த வண்டி தன் குறையைக் காட்டாது. புகை நீலமாக விடாமல் வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம்.

3. எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யில் உள்ளதோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். எழுத்து மங்கலாக இருந்தால், மேலே ஒரு காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் விழும். சின்ன வயசில் காசுக்குச் செய்வோமே, அதே வித்தைதான்.

4. சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம் செல்லும். பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அது காலாவதியாகிக் கிடந்தால் செலவும் அலைச்சலும் உங்கள் தலையில்தான். பெயர் மாற்ற 29, 30 என்ற படிவங்களில் விற்பவரின் கையெழுத்தை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். வண்டியின் மேல் பழைய கடன் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

50 வயது தாண்டிய வண்டிகளுக்கென்று 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. அப்படிப் பதிவு செய்தால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான். வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

'பிரேக் - அடுத்த மாதம்'

வண்டி வீட்டுக்கு வந்ததும் என் கணவர் ஆளே மாறிவிட்டார். காலை ஆறு மணிக்கே ஷெட்டில் இருப்பார். பிளக்கைக் கழற்றிச் சுத்தம் பண்ணுவார், கார்ப்பரேட்டரைப் பிரித்துப் பழைய பேப்பரில் பரப்பி வைப்பார். பாயோடு புதுப்பேட்டைக்குப் போய் ஒரு கைப்பிடி கிடைத்துவிட்டால், எனக்குப் பட்டுப்புடவை வாங்கி வந்த நாளில்கூட அப்படி ஒரு சிரிப்புப் பார்த்ததில்லை! இரவு படுத்தவுடன் தூங்கினார். எனக்கும் நிம்மதி.

செப்டம்பர் மாதம் பாய் சொன்னார்: "அம்மா, வண்டி நாலு வருஷம் நின்னுருக்கு. பிரேக் ரப்பர், ஹோஸ் பைப் எல்லாம் மாத்திடலாம். பதினோராயிரத்து ஐந்நூறு ஆகும்."

நான் நோட்டைப் பார்த்தேன். ஒன்றரை லட்சம் எப்போதோ தாண்டியிருந்தது. தீபாவளிக்கு மகள் வீட்டுச் சம்பந்தி வருகிறார்கள். வாசலில் வண்டி பட்டியும் திட்டுமாக நின்றால் என்ன நினைப்பார்கள்?

"இப்ப பிரேக் பிடிக்குதில்ல? பெயிண்ட் முதல்ல முடியட்டும் பாய். பிரேக்கை அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றேன். கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பட்ஜெட்டைத் தாண்டின குற்ற உணர்ச்சி, பேசாமல் இருந்துவிட்டார். பாய் பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றி நிரப்பிவிட்டு, "ரொம்ப தூரம் போகாதீங்க" என்று சொல்லிப் போனார்.

பெயிண்ட் முடிந்தது. இளநீல நிறம். தெருவே வந்து பார்த்தது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மூன்று வயதுப் பேரன் எங்களிடம் இருந்தான். "கோயில்வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று கிளம்பினோம். நான் முன் சீட்டில், குழந்தை என் மடியில். மேம்பாலத்தில் இறங்கும்போது முன்னால் போன ஆட்டோ நின்றது. இவர் பிரேக்கை மிதித்தார். மிதி அப்படியே தரைவரை போய்விட்டது. மறுபடி மிதித்தார். ஒன்றும் இல்லை.

கத்தக்கூட எனக்குக் குரல் வரவில்லை. அவர் கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, வண்டியை இடது பக்கம் ஒடித்தார். சாக்கடை வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் முட்டி நின்றது. வேகம் அதிகம் இல்லை. ஆனால் என் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்த குழந்தை என் கையிலிருந்து நழுவி, நெற்றி டேஷ்போர்டில் மோதிவிட்டது. பழைய வண்டியில் அது இரும்புத் தகடு. எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கிப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். "இருபத்து நாலு மணி நேரம் கவனமா பாருங்க. வாந்தி எடுத்தாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கிக்கிட்டே இருந்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே கொண்டு வாங்க" என்றார். தலையில் அடிபட்ட எந்தக் குழந்தைக்கும் இது பொருந்தும், மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்குப் போன் பண்ணிச் சொன்னது நான்தான். அவள் ஒரு நிமிஷம் எதுவும் பேசவில்லை. பிறகு, "ஏம்மா மடியில வச்சிருந்தே?" என்று மட்டும் கேட்டாள். என்ன பதில் சொல்ல?

அன்று ராத்திரி முழுக்கக் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'பெயிண்ட், பட்டி, டிங்கரிங் - 72,000'. அதற்கு அடுத்த வரியில் என் கையெழுத்தில், 'பிரேக் - அடுத்த மாதம்.'

வண்டியைக் குறை சொல்ல முடியுமா? பாயைச் சொல்ல முடியுமா? காந்தம் வைத்துக் காட்டிய மனுஷர் அவர்!

நடந்தது என்ன?

மறுநாள் பாய் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். நாம் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டர் என்ற பாகம் பிரேக் ஆயிலைக் குழாய் வழியாக நாலு சக்கரத்துக்கும் தள்ளுகிறது. அங்கே உள்ள ரப்பர் கிண்ணம் அந்த ஆயிலை ஒழுகாமல் தாங்க வேண்டும். வண்டி வருஷக் கணக்கில் நின்றால் ரப்பர் காய்ந்து வெடித்துவிடும். பிரேக் ஆயிலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், உள்ளே துருப் பிடிக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஒரு இடத்தில் ஒழுகினால் நாலும் போயிற்று. கை பிரேக் மட்டும் தனிக் கம்பியில் வேலை செய்வதால் நாங்கள் பிழைத்தோம்.

அதனால் நின்றுகிடந்த வண்டியை வாங்கினால், 'பிரேக் பிடிக்கிறதே' என்று இருக்காதீர்கள். ரப்பரையும் ஆயிலையும் மாற்றிய பிறகுதான் தெருவில் இறக்க வேண்டும். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனால் அன்றே வண்டியை நிறுத்திவிடுங்கள்.

2023-லிருந்து எத்தனால் அதிகம் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கியதால், பழைய பெட்ரோல் ரப்பர் குழாய்களையும் அதைத் தாங்குகிற புதுக் குழாயாக மாற்றுவது நல்லது. பெட்ரோல் ஒழுக்கு என்றால் தீ!

எங்கள் மொத்தக் கணக்கு இதோ: வண்டி 90,000, டிங்கரிங், பெயிண்ட் 72,000, எஞ்சின் வேலை 38,000, டயர் 16,000, சீட்டு, மேல் துணி 14,000, பிரேக் 11,500, பேட்டரி 4,800, பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் முதலியன 13,700. ஆக 2,60,000 ரூபாய். வாங்கின விலையைப் போல ஏறக்குறைய இன்னும் இரண்டு பங்கு! யானை வாங்குகிறவர்கள் அங்குசத்துக்கும் சேர்த்தே பணம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் பிரேக் எவ்வளவு சின்னத் தொகை, பார்த்தீர்களா? அதைத்தான் நான் தள்ளிப்போட்டேன்.

இப்போது நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும், கடைசியில் மின்னட்டும்.

குழந்தை உள்ள வீட்டில்...

* பழைய வண்டிகள் பலவற்றில் சீட் பெல்ட் கிடையாது. பாய் துரு இல்லாத கனமான இடம் பார்த்து, உள்ளே இரும்புத் தகடு கொடுத்து பெல்ட் போல்ட் போட்டார். குழந்தைக்குப் பின் சீட்டில் தனி இருக்கை. மடியில் வைத்துப் பிடிப்பது பாதுகாப்பே இல்லை. எவ்வளவு பலமுள்ள தாயானாலும் அந்த நொடியில் கை தாங்காது. எனக்குத் தெரியும்.

* பிரேக் ஆயில், ரேடியேட்டர் கூலன்ட் இவற்றைக் கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைக்க விடாதீர்கள். கூலன்ட் பலவற்றில் உள்ள விஷம் இனிக்கும். குழந்தை குடித்துவிட்டால் ஆபத்து. பூட்டிய அலமாரியில், அதனதன் டப்பாவிலேயே இருக்கட்டும்.

* மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடக்கூடாது. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று வந்து உயிரையே எடுத்துவிடும்.

* பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியை வாயால் ஊதவோ காற்றடித்துப் பறக்கவிடவோ கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம், தேய்க்கும்போது குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். ஷெட்டில் போட்ட உடுப்பைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

* வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக்கூடாது. ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான்.

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு...

2024 பொங்கலுக்கு, பிரேக்கும் பெல்ட்டும் சரியான பிறகு, என் மாமியாரைப் பின் சீட்டில் ஏற்றினோம். எண்பத்து நாலு வயசு. கொஞ்ச நேரம் பேசாமல் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பிறகு, "உங்க மாமா தினம் இதத் தொடைப்பாரு. நான் வாசல்ல நின்னு பாப்பேன். உள்ளேருந்து பாத்தா இப்படியா இருக்கும்?" என்றார்கள். முன்னால் இருந்தவர் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. வண்டி மெதுவாகத்தான் போயிற்று.

ஆகவே, பெண்ணே, 'வேண்டாம்' என்று சொல்லிவிடாதே. ஆசைக்கு ஒரு காரணம் இருக்கும், அதை உட்கார்ந்து கேள். குழந்தைகளின் படிப்புப் பணத்தைத் தொடாமல் முடியுமா என்று பார். நோட்டு உன் கையிலேயே இருக்கட்டும். ஆனால் மெக்கானிக் 'இது முதல்ல' என்று சொன்னால், அங்கே உன் அழகுணர்ச்சி வாய் திறக்க வேண்டாம். என் பேரனின் நெற்றியில் வீக்கம் நாலு நாளில் வடிந்துவிட்டது. அந்த ஒரு வரி மட்டும் என் நோட்டில் அப்படியே இருக்கிறது. கிழிக்கவில்லை.

அடுத்த இதழில் வழக்கம்போலச் சமையலறைக்குத் திரும்பிவிடுகிறேன். அகர வரிசையில் அடுக்கின டப்பாக்களோடு!